பைசாக் மாதத்துக் குழந்தைகள்

நம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றுக்காக நான் வந்தபோது கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்களில் கண்ணாடி போட்ட பெண், "மேடம், அந்த பெங்காலி மாசத் தப்பைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே? ட்ரெயினிங்ல சொன்னாங்க. சூப்பர் மேடம்!" என்றாள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள், குடித்தேன்.

பவானிபூர் வீட்டுக்கு வந்து சேரும்வரை மனசு ஒரு நிலையில் இல்லை. உங்களுக்கு அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதி தெரிந்தவள் நான் ஒருத்தி. அதைச் சொல்ல வாயில்லாமல் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அந்த மீதியில் ஷெஃபாலி என்றொரு பெண்ணுக்கு வேலை போனது. நான் எழுதிய ஒரு வரியால் போனது. அதைத்தான் எழுதப்போகிறேன். எந்த கமாண்ட், எந்த டெஸ்ட் என்றெல்லாம் எதிர்பார்த்தால் இப்போதே மூடி வைத்துவிடுங்கள். அதையெல்லாம் உங்கள் லேப்டாப்பே சொல்லித் தரும், என்னைவிடப் பொறுமையாக.

தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த அப்பாவோடு சின்ன வயதிலேயே இந்த ஊருக்கு வந்தவள் நான். இங்கேயே புள்ளியியல் படித்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். நான் சொல்லும் காலத்தில் தெற்கே ஆற்றோரக் கிராமங்களில் ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. பாதிக் கிராமங்களில் கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவுப் பொட்டலம். மீதிப் பாதியில் பொட்டலம் கிடையாது. எல்லாக் குழந்தைகளையும் மாதம் ஒரு தடவை எடை போடுவார்கள். பொட்டலம் தின்ற பிள்ளைகள் வயதுக்கேற்ற எடையில் இருக்கிறார்களா, தின்னாத பிள்ளைகளைவிடத் தேவலையா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பிறந்த மாதமும் எடையும் கொடுத்தால் போதும், எந்தக் குழந்தை எடை குறைந்தது என்று மென்பொருள் ஒரு பட்டியல் போட்டுத் தரும். அதைச் சிவப்புப் பட்டியல் என்போம்.

எடை போடும் பெண்களுக்கு ஆளுக்கொரு நம்பர். ஷெஃபாலி ஏழாம் நம்பர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பொட்டலம் போகாத கிராமங்கள் அவருடையவை. படகு, வேன் ரிக்‌ஷா, பிறகு லோக்கல் ரயில், கடைசியில் பஸ் என்று மாறி மாறி வந்து வியாழக்கிழமைதோறும் ஃபாரக் கட்டை என் மேஜையில் வைப்பார். வங்காளத்தில் தீதி என்றால் அக்கா, பெயரோடு சேரும்போது வெறும் 'தி'. அவர் என்னை கோமதிதி என்பார், நான் அவரை ஷெஃபாலிதி என்பேன். யாருக்கு யார் அக்கா என்று கடைசிவரை நாங்கள் தீர்மானிக்கவில்லை. படித்தது எட்டாம் வகுப்பு. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. கணவருக்கு முதுகு ஒடிந்து படுக்கை, மகள் நர்ஸிங் படிப்பில். அந்தக் குடும்பம் முழுக்க அந்த எடை மெஷினைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தது.

வந்தால் உடனே போகமாட்டார். கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்ட பொரியை ஒரு டப்பாவில் கொண்டுவந்து பிரித்து வைப்பார். "சொல்லுங்க தீதி, உங்க மெஷின் என் பிள்ளைங்களைப் பத்தி என்ன சொல்லுது?" என்பார். (நாங்கள் பேசியது வங்காளத்தில். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.) ஒரு தடவை ஒரு பையனுக்குப் போன மாதத்தைவிட எடை இறங்கியிருந்தது. தப்பாக எழுதிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"தப்பெல்லாம் இல்ல. போன மாசம் அவன் அம்மாவோட சாவிக்கொத்தை விடவே மாட்டேன்னு ஒரே அழுகை. சாவியோடயே எடை மெஷின் தொட்டியில போட்டேன். ரிமார்க்ஸ்ல எழுதியிருக்கேனே, நீங்க படிக்கலையா?"

படிக்கவில்லை. ரிமார்க்ஸ் கட்டத்தை நாங்கள் கணினியில் ஏற்றுவதே கிடையாது. அவருக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "சரிதான் போங்க, நான் யாருக்கு எழுதுறேன் அப்போ?" என்றார். அன்றிலிருந்து அவர் வந்தால் ரிமார்க்ஸை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்வேன். என் கையில் நம்பர் இருக்கும், அவர் வாயில் பிள்ளை இருக்கும். இன்றைக்கு டேப்லெட்டில் தட்டிய மறு நிமிடம் டேட்டா வந்து விழுகிறது, தப்பே இல்லாமல். நல்லதுதான். ஆனால் அந்தப் பொரி டப்பாவைப் போல ஒன்று இனி வரப்போவதில்லை என்று நினைத்தால் எனக்கு எதுவுமே பிடிக்காமல் போகிறது.

ஒரு வருடம் முடிந்து நான் கணக்குப் போட்டேன். முடிவு அருமையாக வந்தது. பொட்டலக் கிராமங்களில் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். பொட்டலம் போகாத கிராமங்களில் சிவப்புப் பட்டியல் நீண்டுகிடந்தது. எங்கள் டைரக்டர் டாக்டர் ஸார் நான் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்! இதைவிட என்ன வேணும்?" என்று மேஜையைத் தட்டினார். பணம் கொடுப்பவர்களிடம் வெள்ளிக்கிழமை காட்டுவதாக ஏற்பாடு. என் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைலும் அந்த மாதம்தான் மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. நான் தரையில் நடக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெஃபாலிதி தன் கிராமத்துக்குக் கூப்பிட்டிருந்தார். ஒரு வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் சடங்கு. ஆண் குழந்தை என்றால் ஆறாவது மாதம் முடிகிற சமயத்தில் செய்வார்கள், நாள் பார்த்து, ஊரைக் கூட்டி. "வாங்க தீதி, உங்க லிஸ்ட்ல இருக்கிற பிள்ளைதான், நேர்ல பாருங்க" என்றார். விடிகாலை ரயிலில் போனேன். படகில் இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கிவிட்டு, சேறு படாமல் என் செருப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

குழந்தைக்குப் பட்டுவேட்டி, சந்தனப் பொட்டு, தலையில் நெட்டியில் செய்த குட்டிக் கிரீடம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் பாயசம் ஊட்டினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். புது வெல்லம் வந்திருந்த நேரம், அந்த வாசனை பந்தல் முழுக்க. குழந்தை கொழுகொழுவென்று இருந்தான். மாமன் விரலைச் சேர்த்துக் கடித்துவிட்டான். நான் சிரித்துக்கொண்டே ஷெஃபாலிதியிடம், "இவன் நம்பர் என்ன?" என்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நம்பர் என் சிவப்புப் பட்டியலில் மூன்றாவது வரி. மிகவும் எடை குறைந்தது, உடனே கவனிக்க வேண்டியது. வயது பத்து மாதம்.

பத்து மாதக் குழந்தைக்கு யார் இன்றைக்குச் சோறு ஊட்டுகிறார்கள்? அதன் அம்மாவிடம், பிள்ளை எப்போது பிறந்தான் என்று கேட்டேன். "பைசாக் கடைசியில, தீதி. என்ன வெயில் அன்னைக்கு!" என்றாள். பைசாக் இவர்களுடைய முதல் மாதம். நம் சித்திரைதான் அது. ஷெஃபாலிதியின் பையிலிருந்த ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். மாதம் என்ற கட்டத்தில் 01 என்று அழகாக எழுதியிருந்தார். கணினிக்கு 01 என்றால் ஜனவரி. மே மாதம் பிறந்த பிள்ளையை ஜனவரிக்குத் தள்ளினால் அதற்கு நாலு மாத வயது சும்மா ஏறிவிடும். வயது ஏறினால் இருக்கவேண்டிய எடையும் ஏறும். அப்புறம் கொழுகொழு பிள்ளையும் நோஞ்சான்தான்.

அடுத்த ஃபாரம், அதற்கடுத்தது என்று பந்தலில் உட்கார்ந்தே புரட்டினேன். மற்றப் பெண்களின் கிராமங்களில் பிரசவம் ஆஸ்பத்திரியில். கார்டைப் பார்த்து எழுதினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முக்கால்வாசி வீட்டுப் பிரசவம்; கார்டு ஏது? ஷெஃபாலிதி அம்மாக்களைக் கேட்டு எழுதியிருக்கிறார். அம்மாக்கள் தங்கள் மாதத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, பொட்டலம் போகாத கிராமத்துப் பிள்ளைகளை மட்டும் நாங்கள் நோஞ்சான் ஆக்கியிருந்தோம். நான் மேஜையில் பரப்பிக் காட்டிய அருமையான முடிவில் பெரும்பகுதி அதுதான்.

இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. "உடம்பு சரியில்லையா தீதி?" என்று ஷெஃபாலிதி நூறு தரம் கேட்டிருப்பார். தப்பை அப்போதே சொன்னேன். "என் பிள்ளைங்க கணக்கு மொத்தமும் தப்பா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், நான் எப்போது பிறந்தேன் என்று. "ஏட்டி, இது என்ன கேள்வி? ஐப்பசியில பொறந்தவல்லா நீ. அடைமழை, தெருவெல்லாம் தண்ணி. தேதியா? அது உங்கப்பாட்டதான் கேக்கணும், அவுகளும் போயிட்டாக" என்றாள். என் சொந்த அம்மாவுக்கே ஐப்பசிதான் தெரியும். ஃபாரம் போடும்போது அந்த அம்மா எனக்கு நினைவுக்கு வரவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் ஸார் அறைக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லப்படும் பாதி இதுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏழாம் நம்பர் ஃபாரம் எல்லாத்துலயும் வயசுல நாலு மாசம் கழிச்சிடுங்க. ஒரு வரி கமாண்ட். வெள்ளிக்கிழமைக்கு முடிஞ்சிடும்ல?" என்றார். முடியும்தான். ஆனால் அவற்றில் சில பிள்ளைகளுக்குக் கார்டு இருந்தது, சரியாகவே எழுதப்பட்டிருந்தது. எது எது என்று ஃபாரம் சொல்லாது. ஒரு தப்பைத் திருத்த இன்னொரு தப்பை எல்லார் தலையிலும் கட்ட முடியாது ஸார், திரும்பப் போய்க் கேட்கத்தான் வேண்டும் என்றேன். அவர் போனை எடுத்து, வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்காக எவ்வளவு பேச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். நல்ல மனுஷன்.

திரும்பப் போய்க் கேட்டது யார் என்று உங்கள் ட்ரெயினிங்கில் சொல்வதில்லை. ஷெஃபாலிதிதான். பஞ்சாங்கத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். எந்தப் பூஜைக்கு முன்னால், எந்தப் புயலுக்குப் பின்னால் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளே கண்டுபிடித்தார். மூன்று வாரம். கட்டைக் கொண்டுவந்து வைத்தபோது கால் வீங்கியிருந்தது. அதைவிடச் சுத்தமான டேட்டாவை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

திருத்திக் கணக்குப் போட்டால் வித்தியாசம் இளைத்துப்போனது. பொட்டலத்தால் பலன் என்று அடித்துச் சொல்ல வழியில்லை. அதை அப்படியே சொன்னோம். பணம் கொடுத்தவர்கள், என்ன தப்பு, எப்படி நடந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டார்கள். டாக்டர் ஸார் என்னை அழைத்து, "நீங்கதான் கண்டுபிடிச்சீங்க, நீங்களே எழுதிக் குடுங்க. சுருக்கமா" என்றார்.

சுருக்கமாக எழுதினேன். பிறந்த மாதங்களை ஏழாம் நம்பர் களப்பணியாளர் வங்காள மாதக் கணக்கில் பதிவு செய்ததால் பிழை நேர்ந்தது. ஒரே வரி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள். டாக்டர் ஸார் அறையில் நாங்கள் மூன்று பேர். நான் எழுதிய காகிதம் மேஜைமேல் இருந்தது. ஸார் கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "ஷெஃபாலி, பெங்காலி மாசத்தை எழுதச் சொல்லி உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

ஷெஃபாலிதி என்னைப் பார்த்தார்.

ஏன் பார்த்தார் தெரியுமா? சொல்லியிருந்தார்கள். நான்தான் சொன்னேன். முதல் வருடப் பயிற்சியில், எல்லாரும் டிபனுக்கு எழுந்துவிட்ட நேரத்தில், அவர் மட்டும் ஃபாரத்தோடு வந்து, "தீதி, இந்த மாசங்கிற கட்டத்துல என்ன எழுதணும்? எங்க அம்மாக்கள் எங்க மாசத்தைத்தான் சொல்வாங்க" என்று கேட்டார். எனக்குப் பசி. "அம்மா என்ன சொல்றாங்களோ அப்படியே எழுதுங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நல்ல பாடம்தான், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை 'ஆங்கில மாதம்' என்று எழுதாமல் வெறும் 'மாதம்' என்று வரைந்தவளும் நான்தான். இதெல்லாம் அந்தப் பந்தலிலேயே எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்த ஒரு வரியை எழுதும்போதும் நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஃபைல் அதே மேஜையின் இன்னொரு ஓரத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பயந்துவிட்டேன் பிள்ளைகளே. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது, ஸார்" என்றார் ஷெஃபாலிதி.

எடை மெஷினையும் அடையாள அட்டையையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். உட்காரவில்லை. "அந்தக் கிழக்குத் தெரு இரட்டைப் பிள்ளைங்களை மட்டும் புதுசா வர்றவங்க மாத்திப் போட்டுடப் போறாங்க. வலது காதுல மச்சம் இருக்கிறவன் பெரியவன். எழுதி வச்சுக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். கிளம்பிவிட்டார். மாடிப்படிவரை கூடப் போகவேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. அடுத்த மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது, நேர்மையாக நடந்துகொண்டதற்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. அம்மா பால்பாயசம் வைத்தாள்.

அப்புறம் எத்தனையோ திட்டங்கள், எத்தனையோ கணக்குகள். நல்லதாகவும் நாலைந்து செய்திருக்கிறேன், நீங்கள் படித்தும் இருப்பீர்கள். ஆனால் ஒரு நம்பர் கொஞ்சம் விசித்திரமாக இருந்தால், இது யார், இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் தேடுவேன். திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அவரைத் தேடிப் போயிருக்கலாம். ஒரு ரயில், ஒரு படகு. இந்த மாதம் ஆகட்டும், பூஜை முடியட்டும், தணிக்கை முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். இப்படி ஏங்குகிறவள் போகாமல் இருந்தது ஏன் என்று கேட்டால், அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நீங்கள் கேன்டீனில் கேட்ட மறுநாள், பழைய களப்பணிப் பெண் ஒருத்தியைப் பிடித்து அவர் நம்பரை வாங்கினேன். மகள் டாலிகஞ்ச் பக்கம் ஒரு நர்ஸிங் ஹோமில் வேலையாம், அவளோடுதான் இருக்கிறாராம். என் வீட்டிலிருந்து மெட்ரோவில் மூன்று நாலு ஸ்டேஷன். இத்தனை நாளும் அவ்வளவு பக்கத்தில்.

"யாரு?" என்றார். அதே குரல்.

"ஷெஃபாலிதி, நான் கோமதி பேசுறேன்."

"அட, தீதி! எப்படி இருக்கீங்க? அம்மா இருக்காங்களா?"

அம்மா போய்விட்டதைச் சொன்னேன். அவர் கணவர் போய்விட்டதைச் சொன்னார். வேலை போன பிறகு டாலிகஞ்சில் இரண்டு வீட்டில் சமையல் வேலை பார்த்து மகளின் படிப்பை முடித்தாராம். முட்டிவலி, பேரன் என்று பேச்சு ஓடியது. அவர் சிரித்தார். இதற்கு மேல் தள்ளினால் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன் என்று பயம் வந்தது.

"ஷெஃபாலிதி, அன்னைக்கு டாக்டர் ஸார் ரூம்ல... உங்களுக்குச் சொன்னது நான்தான். ஃபாரமும் நான் போட்டதுதான். எனக்கு நல்லா நினைவு இருந்துச்சு. தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அவர் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"தெரியும் தீதி."

"அப்போ நீங்க ஏன் அவர்கிட்ட சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை போயிருக்காதே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். "அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு தீதி, இந்த வெயில்ல" என்றார். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு இப்போது மனசு லேசாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். நான் இன்றைக்குச் சொன்னது எனக்காகத்தான். அவருக்கு அந்த வார்த்தை அன்றைக்கல்லவா வேண்டியிருந்தது.